சிறகின் அடிப்பக்கம்

பிளாஸ்ரிக் விமான மொடல் கட்டுகிற ஆக்களுக்குள்ள ஒரு தனி வகை இருக்கு. பெட்டிக்குள் வருகிற ஸ்ரிக்கரையும் நிற அட்டவணையையும் இவர்கள் ஓரமாக வைத்துவிடுவார்கள். அந்த விமானத்தை ஒருநாளும் வைத்திருக்காத ஒரு நாட்டின் போர்க்கால நிறத்தை அதற்குப் பூசுவார்கள். சிலவேளை அந்த நாடே உலகத்தில் இருந்திருக்காது. 1815இல் கண்டி இராச்சியம் விழாமல் இருந்திருந்தால், 1930களில் அதன் இரட்டைச் சிறகு விமானத்தில் என்ன சின்னம் இருந்திருக்கும்? 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயரிடம் போகாமல் இருந்திருந்தால், நந்திக்கொடி எந்தச் சிறகில் வந்திருக்கும்? முதலில் இப்படி ஒரு கதையை யோசித்து, பிறகு அதை 1/72 அளவில் ஒரு உள்ளங்கை விமானமாக்கி மேசையில் வைப்பார்கள். ஆங்கிலத்தில் இதை 'வட்-இஃப்' என்கிறார்கள். இந்தக் கட்டுரையில் 'இருந்திருந்தால் மொடல்' என்று சொல்லப்போகிறேன்.

அரியாலையில் இருந்துகொண்டு இந்த விளையாட்டை விளையாடலாமா?

கூடாது என்கிறவர்களிடம் நியாயமான காரணம் இருக்கு. "எங்கட சனத்துக்குக் குண்டு போட்ட சாமானை மேசையில வச்சு அழகு பாக்கிறியோ?" எண்டு வீட்டில கேட்பினம். அதுக்குச் சிரிச்சுக்கொண்டு பதில் சொல்ல ஏலாது. மறுபக்கம், இதே விளையாட்டை வேறு விதமாக விரும்புகிற பெடியளும் இருக்கினம். வரிப்புலி வாய், பல்லு, கொடி எல்லாம் பூசிப் படம் எடுத்துப் போட்டால் ஒரு மணித்தியாலத்தில் நூறு லைக். இந்த இரண்டு பகுதியும் ஒன்றையொன்று திட்டிக்கொள்கிறது. ஆனால் இரண்டு பேரும் விமானத்தின் மேற்பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள் என்பது என்னுடைய எண்ணம்.

என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கற்பனை நிறம் பூசலாம், தாராளமாகப் பூசலாம். ஆனால் அந்த விமானத்துக்குக் கீழே நிற்கிறவர் ஆர் என்பதை மொடலுக்குள் கொண்டுவர வேண்டும். அந்த ஆள் இல்லாத மொடல், எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், பாதி வேலைதான்.

நிறம் எதுக்கு வந்தது?

போர் விமானத்துக்கு நிறமும் சின்னமும் அலங்காரத்துக்காக வந்தவை இல்லை. 1914இல் முதலாம் உலகப்போர் தொடங்கியபோது, பிரித்தானிய விமானங்களைத் தரையில் நின்ற பிரித்தானியப் படையினரே சுட்டார்கள். எது தங்கட, எது எதிரியின் என்று கீழே நிற்கிறவனுக்குத் தெரியவில்லை. அதனால் சிறகின் அடிப்பக்கத்தில் யூனியன் ஜாக் கொடியைப் பூசினார்கள். உயரத்தில் போகும்போது அந்தக் கொடியின் நடுவிலுள்ள குறுக்குக் கோடுகள் ஜேர்மானியரின் சிலுவைச் சின்னம் போலத் தெரிந்தன. மறுபடியும் சூடு. கடைசியில், பிரெஞ்சுக்காரரின் வட்டச் சின்னத்தை எடுத்து நிற வரிசையைத் திருப்பிப் போட்டு, வெளியே நீலம், நடுவில் சிவப்பு என்று 1914 முடிவில் வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு ரீ-சேட்டில் கூட அச்சடிக்கிற அந்த வட்டம், "என்னைச் சுடாதே, நான் உன்ர ஆள்" என்று கீழே நிற்கிறவனைப் பார்த்துச் சொன்ன ஒரு வசனம்.

இரண்டாம் உலகப்போரில் எங்கட பக்கத்துக்கு வந்தபோது அந்த வசனத்தையும் மாத்த வேண்டி வந்தது. ஜப்பானிய விமானத்தின் சின்னம் சிவப்பு வட்டம். அவசரத்தில் சிவப்பைக் கண்டவன் சுடுவான். ஆகவே இந்தியா, பர்மா, இலங்கைப் பக்கம் பறந்த பிரித்தானிய விமானங்களில் நடுச் சிவப்பை எடுத்துவிட்டார்கள். கடுநீலமும் வெளிர்நீலமும் மட்டும் மிஞ்சின. ஒரு சின்னப் பொட்டு நிறத்தில் விமானியின் உயிர் தொங்கியது.

மற்ற நிறங்களும் அப்படியே. 1916க்குப் பிறகு பிரித்தானிய இரட்டைச் சிறகு விமானங்களின் மேற்பக்கம் காக்கியும் மண்ணிறமும் கலந்த நிறம். மேலிருந்து பார்க்கிறவனுக்கு வயல் போலத் தெரிய வேண்டும். அடிப்பக்கம் துணியின் இயல்பான வெளிர் மஞ்சள். கீழிருந்து பார்க்கிறவனுக்கு வானத்தோடு கலக்க வேண்டும். மேலே ஒருவனுக்குப் பொய், கீழே ஒருவனுக்குப் பொய், வட்டத்தில் மட்டும் தன் ஆளுக்கு ஒரு உண்மை. ஆகவே ஒரு விமானத்துக்கு நிறம் தெரிவு செய்கிற எவரும், கற்பனையிலாவது, அதைப் பார்க்கப்போகிற ஒருவரையும் தெரிவு செய்கிறார்.

எங்கட ஆக்கள் காதால் படித்தவை

மொடல்காரர்கள் விமானத்தை நிறத்தால் அடையாளம் காண்பார்கள். யாழ்ப்பாணத்துச் சனம் சத்தத்தால் கண்டது. சகடை, பொம்மர், சியாமாசெட்டி, புக்காரா, கிபிர், பிறகு வண்டு. இந்தப் பெயர்களை எந்த விமானத் தொழிற்சாலையும் இப்படி உச்சரிக்கவில்லை. சியாய் மார்ச்செட்டி என்ற இத்தாலியப் பெயர் எங்கட வாயில் சியாமாசெட்டியானது. ஆறுதலாக உருண்டு வருகிற சரக்கு விமானம் சகடையானது. வானத்தில் நின்று ரீங்கரிக்கிற ஆளில்லா வேவு விமானம் வண்டானது.

எங்கட அம்மாவிடம் இதில ஒவ்வொன்றும் என்ன நிறம் என்று கேட்டுப் பார்த்தேன். "ஆர் மேல பாத்தது? பங்கருக்குள்ள எல்லோ ஓடினனாங்கள்" எண்டா. ஆனால் ஒவ்வொன்றின் சத்தத்தையும் வாயாலேயே செய்து காட்டினா. இப்போது பலாலியில் இருந்து சென்னைக்குப் பயணிகள் விமானம் போகிறது. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானியர் கட்டிய அந்தத் தளம் 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமானது. அந்த விமானம் தாழ்வாகப் போகும்போது தம்பி முற்றத்துக்கு ஓடிப்போய்ப் பார்ப்பான். அம்மா கையில் இருக்கிற வேலையை ஒரு நொடி நிறுத்திவிட்டுத் தொடருவா. ஒரே சத்தம், இரண்டு தலைமுறை.

1995 யூலை 9 அன்று நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்ரெம்பர் 22 அன்று நாகர்கோவில் பாடசாலைப் பிள்ளைகள். இந்த இரண்டு நாளிலும் கீழே நின்ற எவருக்கும் சிறகில் இருந்த சின்னத்தைப் படித்து ஆகவேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. அந்தச் சின்னம் அவர்களுடன் பேசவே இல்லை.

ஒரு நாள் மட்டும் வேறு மாதிரி. 1987 யூன் 4. இந்திய விமானப்படையின் ஐந்து அன்ரனோவ்-32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் துணையோடு வந்து, யாழ்ப்பாணத்தின் மேல் 25 தொன் அளவில் உணவும் பொருளும் போட்டன. 'பூமாலை' என்று அந்த நடவடிக்கைக்குப் பெயர். காவி, வெள்ளை, பச்சை வட்டம் அன்றைக்குச் சாப்பாட்டின் சின்னம். நான்கு மாதம் கழித்து, ஒக்ரோபரில், அதே நாட்டின் படை யாழ்ப்பாணத்தைப் பிடிக்கச் சண்டை செய்தது. ஒக்ரோபர் 21 அன்று யாழ் வைத்தியசாலைக்குள் நோயாளரும் மருத்துவரும் தாதியரும் கொல்லப்பட்டார்கள். பூச்சில் ஒரு துளி மாறவில்லை. கீழே நின்றவருக்கு அதன் பொருள் முழுதாக மாறிவிட்டது.

ஒரு நாட்டுக்குக் கற்பனைச் சின்னம் கீறுகிற எந்த மொடல்காரரும் இந்த நான்கு மாதத்தை மனதில் வைத்திருக்க வேணும்.

இரட்டைச் சிறகு அப்பாவியோ?

"நான் கிபிர் கட்டேல்லையே. துணியும் மரமும் கம்பியுமான பழைய விமானம்தானே" என்று ஒரு சாட்டு இருக்கு. எனக்கும் இரட்டைச் சிறகு விமானம் பிடிக்கும். காரணமும் இருக்கு, அது எங்கட பட்டத்தின் சொந்தக்காரன். அந்தக் காலத்தில் மெல்லிய ஒற்றைச் சிறகு பாரம் தாங்காது. அதனால் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு சிறகை வைத்து, இடையில் தூண் நட்டு, குறுக்கே கம்பி இழுத்துக் கட்டினார்கள். பெட்டிப்பட்டம் கட்டினவருக்கு இந்த வேலை உடனே விளங்கும். 1890களில் லோரன்ஸ் ஹார்கிரேவ் என்பவர் அவுஸ்திரேலியாவில் ஏற்றிப் பார்த்த பெட்டிப்பட்டங்களைப் பார்த்துத்தான் ஐரோப்பாவில் முதல் இரட்டைச் சிறகு விமானங்கள் சிலவற்றின் உடம்பை அமைத்தார்கள்.

ஆனால் அப்பாவி என்று சொல்ல முடியாது. 1917 யூன் 13 அன்று லண்டன் மேல் பகலில் குண்டு போட்ட ஜேர்மன் கோத்தா விமானங்கள் இரட்டைச் சிறகு. அன்று பொப்லர் என்ற இடத்துப் பாடசாலை ஒன்றில் 18 பிள்ளைகள் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்காரர். நாகர்கோவிலுக்கு 78 வருடம் முந்திய கதை. 1919 ஏப்ரல் 14, அதாவது ஜாலியன்வாலாபாக் படுகொலைக்கு அடுத்த நாள், பஞ்சாபில் குஜ்ரன்வாலா நகரத்தின் மேல் குண்டு போட்டு இயந்திரத் துப்பாக்கியால் சுட்டவையும் பிரித்தானியரின் இரட்டைச் சிறகு விமானங்கள். 1920களில் ஈராக்கியக் கிராமங்களின் மேல் போனவையும் அவையே.

இலங்கை வானத்தில் இரட்டைச் சிறகு அடிவாங்கிய நாளும் உண்டு. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. ஜப்பான் கொழும்பைத் தாக்கிக்கொண்டிருந்த நேரம், சீனன்குடாவில் இருந்து இரத்மலானைக்கு ஆறு ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள் டோர்பீடோவோடு வந்துகொண்டிருந்தன. ஜப்பானிய சீரோ விமானங்கள் ஆறையும் வீழ்த்தின. சந்தையில் ஸ்வோர்ட்ஃபிஷ் கிற் இப்பவும் கிடைக்கும். அதை எந்தக் கற்பனை நிறத்தில் பூசினாலும், அந்த ஆறு விமானத்தின் கதை தெரிந்து பூசுவதற்கும் தெரியாமல் பூசுவதற்கும் வித்தியாசம் இருக்கு.

'யாழ்ப்பாணம்' என்று பெயர் எழுதிய விமானம்

இருந்திருந்தால் மொடல் கட்டுகிற ஒருவர் இரட்டைச் சிறகு விமானம் ஒன்றின் பக்கத்தில் ஆங்கிலத்தில் 'ஜஃப்னா' என்று எழுதினால், எங்கட பெடியள் என்ன சொல்லுவினம்? "நல்ல கற்பனை மச்சான்" எண்டுவினம். ஆனால் அது நடந்தது.

முதலாம் உலகப்போர்க் காலத்தில், மலாயாவில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்தார் காசு சேர்த்துப் பிரித்தானியாவுக்கு ஒரு போர் விமானம் வாங்கிக் கொடுத்தார்கள். அதற்கு யாழ்ப்பாணம் என்ற பெயர் வைக்கப்பட்டது. றெயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராகவும் ஸ்ரேசன் மாஸ்ரராகவும் இருந்த ஒரு சமூகம் அது. அந்த நாட்களில் குடியேற்ற நாடுகள் முழுவதும் இப்படிப் 'பரிசு விமானம்' சேர்க்கிற திட்டம் ஓடியது. பி.ஈ.2சி என்ற இரட்டைச் சிறகு விமானத்துக்குச் சுமார் 1,500 பவுண் கட்டினால், கொடுத்தவர் சொன்ன பெயரை அதன் உடம்பில் எழுதுவார்கள். அந்த விமானம் விழுந்தால் அதே பெயரை இன்னொரு விமானத்துக்கு மாற்றி எழுதுகிற வழக்கமும் இருந்தது.

இந்தக் கதையைக் கேட்டவுடன் பெருமைப்பட ஒரு ஆசை வரும். பெருமைப்பட முதல் நான் மூன்று கேள்வி கேட்பேன். காசு குடுத்தது ஆர்? ஓட்டினது ஆர்? கீழ நிண்டது ஆர்?

காசு குடுத்தது பெருமளவில் மாதச் சம்பளக்காரத் தமிழர். ஓட்டியது அவர்கள் ஒருநாளும் சந்திக்காத ஒரு விமானி. கீழே நின்றது அவர்களோடு எந்தப் பகையும் இல்லாத ஒருவர். கொடுத்தவர்களுக்கு நிறத்தில் ஒரு சொல்லும் இருக்கவில்லை, பெயர் மட்டும்தான் அவர்களுடையது. போர் முடிந்து ஒரு வருடத்துக்குள் அதே பேரரசின் விமானங்கள் குஜ்ரன்வாலாவின் மேல் போயின. அதே யாழ்ப்பாணத்தில் 1924இல் மாணவர் காங்கிரஸ் உருவானது, 1927 நவம்பரில் காந்தி வந்தார், 1931இல் வாலிபர் காங்கிரஸின் அழைப்பில் அரசாங்க சபைத் தேர்தலே பகிஷ்கரிக்கப்பட்டது. ஒரே தலைமுறைக்குள், பேரரசுக்கு விமானம் கொடுத்த சமூகமும் பூரண சுயராச்சியம் கேட்ட சமூகமும் ஒன்றுதான்.

இந்த முரண்பாடு எனக்கு எந்தக் கற்பனைக் கொடியை விடவும் சுவாரசியமாகப் படுகிறது. அந்த விமானத்தைக் கட்டுகிறவர் அதற்கு ஒரு 'இருந்திருந்தால்' சேர்க்கலாம். பெயரோடு நிறத்தையும் கேட்கிற உரிமை கொடுத்தவர்களுக்கு இருந்திருந்தால், கோலாலம்பூரில் ஒரு ஸ்ரேசன் மாஸ்ரர் என்ன பூசச் சொல்லியிருப்பார்? அதே விமானத்தை 1931இல் அவரின் மகன் பூசியிருந்தால்? இரண்டு மொடல், ஒரு குடும்பம். ஒரு பாடப்புத்தக அத்தியாயம் சொல்லாததை அந்த இரண்டு சிறகும் சொல்லும்.

கொடி பூசுகிற ஆசை

இனி, சங்கடமான பகுதி. இங்கே 'கற்பனைப் போர் நிறம்' என்றதும் பெடியளின் மனம் எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும். 2007 மார்ச் 26 அன்று சிறிய ஸ்லின் விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தின் மேல் போன செய்தியைக் கேட்டபோது, இருபது வருடம் மேலேயிருந்து மட்டும் வாங்கின சனத்துக்கு ஒரு உணர்ச்சி வந்தது. அது வந்ததை நான் மறைக்க மாட்டேன், ஏன் வந்தது என்றும் விளங்குகிறது. 2009 பெப்ரவரி 20 அன்று கொழும்பில் இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் ஒரு விமானம் மோதியபோது, அங்கேயும் கீழே ஆக்கள் இருந்தார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரியாவிட்டால் அந்த விமானத்தைக் கட்டத் தொடங்கக் கூடாது.

1979இல் தற்காலிகம் என்று வந்து நாற்பது வருடத்துக்கு மேல் நிலைத்த பயங்கரவாதத் தடைச்சட்டத்தைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, ஒரு சின்னம் பூசுவதன் விலையும் தெரியும். ஆனால் பயத்தினால் மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. சின்னம் பூசிய உடனே மொடல் முடிந்துவிடுகிறது, அதுதான் என் பிரச்சினை. பார்க்கிறவர் கைதட்டுவார் அல்லது முகத்தைத் திருப்புவார். மூன்று கேள்வியில் ஒன்றைக் கூட அவர் கேட்கத் தேவையில்லை.

வென்ற பக்கமும் இதையே பெரிய அளவில் செய்கிறது. இரத்மலானையில் விமானப்படை அருங்காட்சியகம் இருக்கு. அங்கே ஒரு புக்காராவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதுவும் ஒரு வகை மொடல்தான், 1/1 அளவில். அதற்குக் கீழே இருந்த நிலத்தை எந்த அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்? எங்கட வளவுகளில் பங்கர்களை மூடி வாழை வைத்துவிட்டோம்.

அரியாலையில் நிலத்தை மறந்து வானத்தைப் பற்றி மட்டும் கதைக்க ஏலாது. 2025இல் எங்கட சித்துப்பாத்தி மயானத்தில் மண்ணைக் கிண்டக் கிண்ட எலும்புக்கூடுகள் வந்தன. ஒரு பிள்ளையின் நீலப் புத்தகப் பையும் வந்தது. செம்மணி வான்தாக்குதலின் கதை இல்லை, இரண்டையும் நான் கலக்கவில்லை. ஆனால் கீழே இருந்தவர்களைக் கணக்கில் எடுக்காத ஒரு பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்று இந்த ஊருக்கு ஆரும் வந்து சொல்லித்தரத் தேவையில்லை.

வெள்ளை அன்ரனோவ்

குறை சொல்லிவிட்டுப் போகக்கூடாது. நான் முன்வைக்கிற 'இருந்திருந்தால்' இது.

அன்ரனோவ்-2 என்று ஒரு சோவியத் விமானம். 1947இல் முதலில் பறந்தது. ஜெட் காலத்திலும் விடாப்பிடியாக இரட்டைச் சிறகோடு ஆயிரக்கணக்கில் கட்டப்பட்டது, இன்றைக்கும் பறக்கிறது. ஒற்றை எஞ்சின், பன்னிரண்டு பேர் இருக்கலாம். சரியான ஓடுபாதை தேவையில்லை, குட்டையான மண் தரையிலேயே இறங்கி ஏறும்.

காலம் 1990களின் முதற்பாதி. குடாநாட்டுக்கு எரிபொருள் தடை, மின்சாரம் இல்லை, மருந்துக்குக் கட்டுப்பாடு, வெளியே போக இரவில் கிளாலிக் கடல். 1990இல் யாழ் போதனா வைத்தியசாலையைச் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் இரு தரப்பின் சம்மதத்தோடு பாதுகாப்பு வலயமாக்கியது. வானத்துக்குத் தெரியும்படி வைத்தியசாலைக் கூரையில் செஞ்சிலுவை பூசுவார்கள். விமானத்தின் நிறம் கீழே நிற்கிறவருக்கு எழுதிய வசனம் என்றால், கூரையில் இருந்த சிலுவை கீழே நின்றவர் மேலே எழுதிய பதில். எங்கட பக்கத்தில் இருந்து வானத்துக்குப் போன வசனம் அது ஒன்றுதான். 2009 வன்னியில் அந்த வசனத்தை எவரும் படிக்கவில்லை. ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை, வைத்தியசாலைகள் இருந்த இடம் தெரிந்தும் அவை எறிகணைத் தாக்குதலுக்கு உள்ளாகின என்று சொல்கிறது.

இப்போது கற்பனை. அந்தக் கூரைக்கு ஒரு பதில் வந்திருந்தால்? நோயாளரை ஏற்றி இறக்க ஒரு அன்ரனோவ்-2, மழை இல்லாத மாதங்களில் செம்மணி உப்புவெளியில் இறங்கியிருந்தால்? முழு உடம்பும் வெள்ளை. உருமறைப்பு இல்லை, ஏனென்றால் இந்த விமானத்துக்கு எல்லாரும் பார்க்க வேணும். கீழ்ச் சிறகின் அடியில் ஆகப் பெரிய செஞ்சிலுவை. சில்லைச் சுற்றி உப்புச் சேறு. அடித்தட்டில் ஒரு துண்டு நிலம்: மண்மூட்டை, ஒரு சைக்கிள் கரியரில் சேலைன் போத்தல், கொஞ்சம் கோணலாகக் கையால் சிலுவை கீறிய ஒரு தகரம்.

இதுவும் போர்க்கால நிறம்தான், இதுவும் நடக்காததுதான். ஆனால் பார்க்கிறவர் ஒரு கேள்வியோடு போவார்: இது ஏன் நடக்கவில்லை? ஆர் சம்மதிக்கவில்லை? அந்தக் கேள்வியை எழுப்புகிற வேலைக்குத்தான் கற்பனை நிறம் பிரயோசனப்படும் என்று நான் நினைக்கிறேன்.

கட்டுகிறவருக்கு

கிற் வாங்கக் காசு இல்லை என்று சொல்லாதேங்கோ. யாழ்ப்பாணத்தில் நல்ல கிற் கிடைப்பதும் லேசில்லை, வெளிநாட்டில் இருந்து ஆரும் வந்தால்தான். ஆனால் தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைப் பெடியள் என்னென்ன உருவத்தில் பட்டம் ஏத்துறாங்கள் என்று பார்த்திருப்பியள். அந்தக் கை எங்கட எல்லாரிடமும் இருக்கு. சிறகுச் சட்டத்துக்கு மூங்கில் சிம்பு, இடைத் தூணுக்கு ஈர்க்கு, கம்பிக்கு நைலோன் நூல், தோலுக்கு ரிஷ்யூ தாள். இரட்டைச் சிறகு விமானம் முழுக்க முழுக்கப் பட்டக்காரனின் விமானம்.

இரண்டு கட்டுப்பாடு மட்டும் வையுங்கோ. ஒன்று, மொடலோடு ஒரு அட்டை: காசு குடுத்தது ஆர், ஓட்டினது ஆர், கீழ நிண்டது ஆர். மூன்றாவதற்குப் பதில் எழுத வராவிட்டால், நிறம் பூசுவதை நிறுத்திவிட்டுக் கதையைத் திரும்ப யோசியுங்கோ. மற்றது, அதை மேசையில் வைக்காதேங்கோ. மேசையில் வைத்தால் மேற்சிறகுதான் தெரியும், பார்க்கிறவர் எல்லாரும் தாங்களே விமானி என்று நினைப்பினம். ஊர்ச் சனசமூக நிலையங்களில் வாசிகசாலை இருக்கு, முகட்டில் கொக்கியும் இருக்கும். ஒரு சனிக்கிழமை கேட்டு, தலைக்கு மேலே நூலில் தொங்கவிடுங்கோ. வருகிறவர் கழுத்தை நிமிர்த்தி, கீழ்ச் சிறகின் அடிப்பக்கத்தில் என்ன எழுதியிருக்கு என்று படிக்கட்டும். வீட்டில அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ. என்ன நிறம் பூச வேணும் எண்டு அவவுக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கும், நாங்கள் இதுவரைக்கும் கேக்கேல்ல.